வெள்ளைக் காக்கா

தூத்துக்குடிக்காரனுக்குத் திசைமானி தேவையில்லை. கடல் இருக்கிற பக்கம் கிழக்கு. கடலைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் வடக்கு, வலது கைப்பக்கம் திருச்செந்தூர். முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது என்று நாங்கள் அதிகம் கவலைப்பட்டதில்லை. இந்த ஞானம் ஒன்றை மட்டும் நம்பி, வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் என்ற கடற்கரை ஊருக்கு முதுகலை படிக்கப் போனேன்.

அந்தப் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. எனவே 'லண்டன்' என்று முடிவாயிற்று. லண்டனிலிருந்து ரயிலில் ஐந்து மணி நேரம் ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன். "நாம மதுரைக்குப் போயிட்டு வர்ற நேரம்தானய்யா" என்று அம்மா அதைத் தள்ளுபடி செய்துவிட்டாள்.

பாடத்தின் பெயர் அதைவிடப் பெரிய சிக்கல். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பட்டம் வாங்கிய கையோடு பயிர் இனப்பெருக்கம் படிக்கப் போகிறேன். அந்த ஊரில் 1919-லேயே அதற்கென ஒரு நிலையம் தொடங்கி, மேய்ச்சல் புல்லிலும் க்ளோவரிலும் ஓட்ஸிலும் புதுப்புது ரகங்களை உருவாக்கியவர்கள். இதையெல்லாம் நான் விளக்கி முடிப்பதற்குள் 'புல்' என்ற ஒரு சொல்லை மட்டும் பெரியப்பா பிடித்துக்கொண்டார். "ஏல, புல்லுக்கு லண்டனா? மாடு இங்கேயே சும்மாதானல திங்கி?" என்றார். கடைசியில் வீட்டார் ஆறுதல் கண்டது ஒரே விஷயத்தில்தான். போகிற ஊர் கடற்கரை ஊர். கடல் நமக்குப் புதிதா?

கடலை அடைவதற்கு முன்பே ரயில் தன் வேலையைக் காட்டியது. பர்மிங்ஹாம் பக்கமிருந்து வரும் அந்த வண்டி மகன்ஹ்லெத் என்ற ஊரில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி அபெரிஸ்ட்வித்துக்கு. மறு பாதி கடலோரமாகவே வடக்கே ஏறி புல்ஹெலிக்கு. இதை வெல்ஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் அறிவித்திருக்கிறார்கள். நான் இரண்டு மொழியிலும் தூங்கியிருக்கிறேன். புல் படிக்கப் போகிறவன் புல்ஹெலிப் பெட்டியில் உட்கார்ந்தது ஒருவகையில் பொருத்தம்தான். டிக்கெட் பரிசோதகர் பதறிப்போய் அடுத்த நிலையமான டவி ஜங்ஷனில் இறக்கிவிட்டார்.

ஜங்ஷன் என்றதும் மனம் தெம்பாகிவிட்டது. ஜங்ஷன் என்றால் விழுப்புரம், திண்டுக்கல், மணியாச்சி. டீ இருக்கும், வடை இருக்கும், குறைந்தபட்சம் விசாரிக்க ஓர் ஆளாவது இருப்பார். டவி ஜங்ஷனில் இரண்டு பாதை பிரிகிறது. அந்த மட்டில் பெயர் நியாயமானது. மற்றபடி நாலு பக்கமும் சதுப்பு நிலம், நாணல், ஒரு நிழற்குடை. ஊர் இல்லை. கார் வந்து நிற்க ஒரு சாலைகூட இல்லை. சதுப்புக்குள் ஒரு நடைபாதை மட்டும் எங்கோ போகிறது. இரண்டு பெட்டி, ஒரு பிரஷர் குக்கர், சொந்தக்காரர்கள் ஆளாளுக்குத் திணித்த மக்ரூன் டப்பாக்கள் சகிதம் அங்கே நின்றேன். எதிரே ஓர் ஆடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வண்டி வரும்வரை எங்கள் இருவருக்கும் வேறு வேலை இல்லை.

விடுதி அறை கடலைப் பார்த்து இருந்தது. போனில் சொன்னதும் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "கிழக்குப் பாத்த ரூமாய்யா? யோகம்தான்." நானும் அப்படியே நம்பி, பயணக் களைப்பில் கட்டையைச் சாய்த்தேன்.

கண் விழித்தபோது சன்னலுக்கு வெளியே கடல் விளிம்பில் சூரியன், ஆரஞ்சு நிறத்தில், அப்போதுதான் குளித்து எழுந்த அழகோடு நின்றது. கைபேசியில் உயிர் இல்லை. காலை ஒன்பது மணிக்குப் பதிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும். அவசரமாகப் பல் துலக்கி, குளித்து, திருநீறு பூசி, சான்றிதழ் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடற்கரைச் சாலைக்கு வந்தேன். நேரம் இருக்கிறதே, நாலு நிமிடம் சூரிய தரிசனம் செய்யலாம் என்று ஒரு பெஞ்சில் அமர்ந்தேன். நாயோடு வந்த ஓர் அம்மாள், அருமையான மாலைப்பொழுது இல்லையா என்றார். வெள்ளைக்காரர்களுக்கு எப்போதும் வானிலைப் பேச்சுதான் என்று சிரித்து வைத்தேன். ஆனால் சூரியன் ஏறவே மாட்டேன் என்றது. பார்க்கப் பார்க்க அடிப்பகுதி கரைந்தது. பாதியானது. குளிர்நாட்டில் விடிவதற்குக் கொஞ்சம் சுணங்கும் போலிருக்கிறது என்று அப்போதும் அதற்காக நானே வாதாடினேன். முழுதாக மூழ்கி, தெருவிளக்குகள் எரிந்த பிறகுதான் அது செப்டம்பர் மாதத்து இரவு ஏழு மணி என்பதும், கார்டிகன் வளைகுடா என்கிற அந்தக் கடல் ஊருக்கு மேற்கே இருக்கிறது என்பதும் விளங்கின.

அறிவுக்கு விளங்கினாலும் கால்களுக்கு விளங்க மாதங்கள் ஆயின. கடற்கரைச் சாலையின் வடக்குக் கோடியில் கான்ஸ்டிடியூஷன் ஹில் என்ற குன்று. 1896-ல் போட்ட கம்பிவட ரயில் இன்றும் ஆட்களை அதன் உச்சிக்கு இழுத்துக்கொண்டு போகிறது. குன்றின் மேல் சந்திப்போம் என்று வகுப்பில் சொன்னார்கள். கடலைப் பார்த்து நின்று இடது பக்கம் நடந்தேன். தெற்கே, முதலாம் எட்வர்ட் மன்னன் 1277-ல் கட்டத் தொடங்கி இன்று இடிந்து கிடக்கும் கோட்டையில் போய்ச் சேர்ந்தேன். கைபேசியின் திசைகாட்டி சரியாகத்தான் காட்டியது. நீண்ட பயணத்தில் அது கெட்டுவிட்டது என்று நான்தான் நினைத்தேன். வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்பது அம்மாவின் உத்தரவு. அதை மதித்துக் கட்டிலைப் பெரும்பாடுபட்டுத் திருப்பிப் போட்டு, முதல் பருவம் முழுக்க மிகத் துல்லியமாக வடக்கே தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன்.

அம்மாவிடம் கிழக்குப் பார்த்த அறை என்பதை மட்டும் நான் மாற்றவில்லை. அவளுடைய தூக்கத்தையாவது காப்பாற்ற வேண்டாமா?

புரட்டாசியில் மகாளய அமாவாசை வந்தது. தாத்தாவுக்குப் படைத்துக் காக்காவுக்குச் சோறு வைக்காமல் நீ சாப்பிடக்கூடாது என்று அம்மா வீடியோவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். வாழைக்காய்க்கு அந்த ஊரில் எங்கே போவது? உருளைக்கிழங்கு, பருப்பு, சோறு, ஒரு சொட்டு நெய். காகிதத் தட்டில் வைத்துச் சன்னல் விளிம்பில் நீட்டி, கா கா என்று கூப்பிட்டேன். அந்த ஊரில் காக்கைக்குப் பஞ்சமில்லை. சாம்பல் கழுத்து ஜாக்டா காக்கைகள் புகைபோக்கிக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஆனால் முன்னே வந்தது காக்கை அல்ல. ஒரு கிலோ எடை, சிறகை விரித்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர், மஞ்சள் அலகில் ஒரு சிவப்புப் பொட்டு: ஹெர்ரிங் கல் என்கிற கடற்பறவை. அந்த ஊர் உண்மையில் அவற்றுக்குச் சொந்தம். கடற்கரைச் சாலையில் சிப்ஸ் தின்கிற மனிதர்கள் தோளைக் குறுக்கிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திருடர்களைப் போலத்தான் தின்பார்கள்.

"என்னய்யா, காக்கா வந்துட்டா?"

"வந்துட்டும்மா. கொஞ்சம் வெள்ளையா இருக்கு."

வெள்ளைக் காக்கா மல்லாக்கப் பறக்குது என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா நம்பவில்லை. கேமராவைத் திருப்பிக் காட்டினேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த ஊருக்கு வந்ததும் தாத்தா வெளுத்துட்டாராய்யா?" என்றாள். குரலில் பெருமை இருந்ததா கவலை இருந்ததா என்று இன்றும் எனக்குச் சந்தேகம். தாத்தா இரண்டே வாயில் சோற்றை முடித்து, காகிதத் தட்டையும் தூக்கிக்கொண்டு கடல் மேல் பறந்துபோனார்.

மறுநாள் அதிகாலை ஐந்து மணிக்குச் சன்னல் கண்ணாடியில் டக் டக் என்று சத்தம். அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் தாத்தா உறவினர்களையும் கூட்டி வந்தார். விரட்டுவதற்கும் யோசனையாக இருந்தது. அந்த இனம் பிரிட்டனில் குறைந்துகொண்டு வருவதால் சிவப்புப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். 1981-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேறு. மாணவர் விசாவில் வந்தவனுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. பறவைகளுக்கு உணவளிக்காதீர் என்று விடுதியிலிருந்து எனக்குத் தனிக் கடிதம் வந்தது. அம்மாவிடம் புலம்பினேன். "தாத்தா உசுரோட இருந்தப்பவும் அஞ்சு மணிக்கு எல்லாரையும் எழுப்பித்தானய்யா விடுவாரு" என்றாள். அதற்கு மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல முடியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். குடை அங்கே ஒரு வார உயிரினம். கடற்கரைச் சாலைக் குப்பைத் தொட்டிகளில் கம்பி முறிந்த குடைகள் கால் நீட்டிக் கிடக்கும். புயல் நாட்களில் கடல் கூழாங்கற்களை அள்ளிச் சாலையில் வீசும். புயல் ஓய்ந்ததும் நகராட்சி இயந்திரத்தோடு வந்து அவற்றை வாரிக் கடற்கரையிலேயே கொட்டும். அடுத்த புயலில் கடல் திரும்ப வீசும். இரு தரப்பும் விட்டுக்கொடுத்ததாகத் தெரியவில்லை. 2014 ஜனவரியில் கடல் ஒருபடி மேலே போய்ச் சாலையையே பெயர்த்து, பழைய நிழற்கூடம் ஒன்றையும் சாய்த்து, கடலோர விடுதி மாணவர்களை இடம்பெயர வைத்தது. 1865-ல் திறந்த இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அதையும் புயல்கள் கடித்துக் கடித்து இன்று பாதி நீளம்கூட இல்லை.

குடைக்கு அந்த ஊரில் ஒரே ஒரு பயனைக் கண்டுபிடித்தேன். குளிர்கால மாலைகளில், நம் மைனாவுக்குப் பங்காளி முறையான ஸ்டார்லிங் பறவைகள் ஆயிரக்கணக்கில் வானத்தில் சுழன்று, திரண்டு, நெளிந்து, இருட்டும் வேளையில் அந்தப் பாலத்தின் அடியில் அடையும். உலகமே வந்து படம் எடுக்கும். எடுக்கிறவர்கள் அண்ணாந்து, பெரும்பாலும் வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள். ஆயிரக்கணக்கான பறவைகள் நாள் முழுக்கத் தின்றுவிட்டு வருகின்றன என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும். குடையின் அருமை தெரிந்துவிடும்.

விடுதியில் எனக்கு வாய்த்த கூட்டாளி கிரேக்கத் தீவுக்காரன் ஒருவன். அவனும் கடல் தெரிந்தவன். அவனுடைய மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் பெயருக்குத்தான் இருக்கும். எங்கள் மன்னார் வளைகுடாவிலும் ஒரு மீட்டரைத் தாண்டாது. அபெரிஸ்ட்வித்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நீர் வடிந்து ஈர மணல் தெரிந்த ஒரு மதியம், காலணிகளையும் அவனுடைய கித்தாரையும் ஒரு பாறை மேல் வைத்துவிட்டு நடக்கக் கிளம்பினோம். அங்கே வைக்காதீர்கள் என்றாள் உடன் வந்த வகுப்புத் தோழி. மலைப்பக்கத்து ஆட்டுப்பண்ணைப் பெண். கடலைப் பற்றி ஆட்டுக்காரி சொல்லி நாங்கள் கேட்பதா? திரும்பி வந்தபோது பாறை இருந்த இடத்தில் கடல் இருந்தது. கித்தார் தானாகவே ஏதோ வாசித்தபடி மிதந்து போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு செருப்பு மட்டும் மறுநாள் கிடைத்தது. அதுவும் எங்களுடையது அல்ல.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடற்கரைச் சாலையில் வடக்கே நடந்து, குன்றின் அடிவாரத்துக் கம்பித் தடுப்பை ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. பக்கத்தில் 1896-ல் திறந்த பெண்கள் விடுதி இருந்தது, அவர்கள் கவனத்தைக் கவரப் பையன்கள் உதைத்தார்கள் என்பது ஒரு கதை. காரணம் கேட்காமல் உதை என்பது இன்னொன்று. எனக்கு உதைப்பதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் கால் பட்டதும் கை தானாகப் போய்க் கம்பியைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டது. புத்தகத்தில் கால் பட்டால் என்ன செய்வோமோ அதேதான். கிரேக்கன் பார்த்தான், வேல்ஸ்காரர்களின் சடங்கு முழுமையாக இப்படித்தான் இருக்கும் என்று அவனும் ஒற்றிக்கொண்டான். அவனைப் பார்த்து நைஜீரிய நண்பன். இன்னும் ஐம்பது வருடத்தில் அதற்கும் யாராவது ஒரு காரணம் எழுதிவிடுவார்கள்.

பெஞ்சில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் இதையெல்லாம் கவனித்துவிட்டார். அழைத்து விசாரித்தார். உதைத்த பிறகு மன்னிப்புக் கேட்பது நல்ல பழக்கம் என்று பாராட்டி, எந்த ஊர், என்ன மொழி என்றார். தமிழ் என்றதும் அதற்கு எத்தனை வயது, சாலைப் பலகையில் அது மேலே இருக்குமா கீழே இருக்குமா, உங்களையும் வேறு மொழி படிக்கச் சொன்னார்களா என்று சரமாரியாகக் கேள்விகள். எங்கள் பெரியப்பா 1965-ல், எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிற வயதில், ரயில் நிலையப் பலகையின் இந்தி எழுத்தில் தார் பூசப் போனவர் என்று சொன்னேன். பெரியவரின் முகத்தில் வெயில் அடித்தது. அவர் வாலிபத்தில் ஆங்கிலப் பலகைகளில் பச்சைப் பெயிண்ட் பூசிய கோஷ்டியாம். அதன்பிறகு பார்க்கும்போதெல்லாம், "உன் பெரியப்பா எப்படி இருக்கிறார்?" என்றுதான் ஆரம்பிப்பார். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டதாக நினைவில்லை.

தை பிறந்தது. எட்டரை மணி வரை அங்கே சூரியன் வருவதே நிச்சயமில்லை. வந்தாலும் மலைக்குப் பின்னால்தான். பொதுச் சமையலறையின் சன்னல் கடலைப் பார்த்தது, அதாவது மேற்கு. கிழக்குச் சுவரில் இருந்தது ஃபிரிட்ஜ். அதையே ஞாயிறாகப் பாவித்து, மின்னடுப்பில் குக்கர் பாத்திரத்தை ஏற்றிப் பாலை ஊற்றினேன். 'அடுப்பில் எதையும் பொங்கி வழிய விடாதீர்கள்' என்று சுவரில் ஒட்டியிருந்தது. பால் பொங்கியது. நாலு பக்கமும் வழிந்தது. நான் பொங்கலோ பொங்கல் என்றேன். சூடான தகட்டில் பால் தீய்ந்து புகை எழும்பியது. எச்சரிக்கை மணியும் ஏறக்குறைய அதையே சொன்னது.

சம்பவப் படிவம் ஒன்று பிறகு வந்தது. புகைக்குக் காரணம் என்ன? பால் பொங்கியது. கவனக்குறைவா? இல்லை, கவனத்தோடு காத்திருந்தேன். தவிர்த்திருக்க முடியுமா? முடியும், ஆனால் அது பொங்கல் ஆகாது. மீண்டும் நிகழாமலிருக்க என்ன செய்வீர்கள்? அடுத்த தை வரை நிகழாது.

அது இருக்கட்டும். மணி அடித்ததும் விடுதி மொத்தமும் கடற்கரைச் சாலைக்கு வந்துவிட்டது. இரவு உடையில், கம்பளி போர்த்தி, ஒரு பெண் தலையில் ஷாம்பு நுரையோடு. காற்று அன்றைக்கென்று தன் முழுத் திறமையையும் காட்டியது. எல்லார் பார்வையும் என் மேல். என் கையில் கரண்டி. அந்த நேரம் பார்த்துப் பொங்கல் வாழ்த்துச் சொல்ல வீடியோவில் வந்தார் பெரியப்பா.

"ஏல, என்ன இவ்வளவு கூட்டம்? லண்டன்லயும் பொங்கல் விழாவா?"

நான் பதில் சொல்வதற்குள் கைத்தடிப் பெரியவர் வந்து சேர்ந்தார். திரையைப் பார்த்தார். "இவர்தான் தார்க்காரரா?" என்று கேட்டுப் போனைக் கையிலேயே வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் ஒரு பொருட்டே இல்லை. ஆங்கிலத்தை வாழ்நாளெல்லாம் சந்தேகத்தோடு பார்த்த பெரியவரும், இந்தி வரக்கூடாது என்பதற்காக மட்டுமே ஆங்கிலத்தைச் சகித்துக்கொண்ட பெரியப்பாவும், வேறு வழியில்லாமல் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். தாரா, பெயிண்டா என்று முதலில் தொழில்நுட்ப விவாதம். மழையில் பெயிண்ட் நிற்கும் என்றார் அவர். வெயிலில் தார் இளகி இன்னும் நன்றாகப் பரவும் என்றார் இவர். பிறகு பெரியவர் அந்த ஊரின் ட்ரெஃபெகன் பாலத்துக் கதைக்கு வந்தார். ஒருவர் சைக்கிளில் டபுள்ஸ் போனதற்காக வந்த நீதிமன்றச் சம்மன் ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததால் அதை ஏற்க மறுத்து ஓர் இரவு சிறையில் கிடந்தாராம். வெல்ஷ் மொழியில் சம்மன் வேண்டும் என்று கேட்க வேண்டுமானால் முதலில் சம்மன் வர வேண்டும். சம்மன் வர வேண்டுமானால் கைதாக வேண்டும். அதற்காகவே 1963 பிப்ரவரி 2-ம் தேதி, அந்த நூற்றாண்டின் கடுங்குளிர்காலங்களில் ஒன்றில், மாணவர்கள் திரண்டு தபால் நிலையத்தில் சுவரொட்டி ஒட்டினார்கள். போலீஸ் கைது செய்யவில்லை. ட்ரெஃபெகன் பாலத்தில் உட்கார்ந்து போக்குவரத்தை மறித்தார்கள். அதற்கும் கைது இல்லை.

"நீங்களும் உக்காந்தீங்களா?" என்றார் பெரியப்பா.

தனக்கு அப்போது பதினான்கு வயது என்றும், பனியில் சளி பிடிக்கும் என்று அம்மா விடவில்லை என்றும் பெரியவர் சற்று வருத்தத்தோடு சொன்னார்.

பெரியப்பாவின் மனம் பாலத்தை விட்டு நகரவில்லை. எங்கள் ஊரில் கைதாவது சிரமமே இல்லை; லாரியில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, சாயங்காலம் விடும்போது கட்சிக்காரர்கள் மாலையோடு நிற்பார்கள். கைது செய்யச் சொல்லியும் செய்யாத ஒரு காவல் துறை அவர் அனுபவத்துக்கு அப்பாற்பட்டது. இரண்டு முறை திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தைக் கைவிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏல, அவர்ட்ட கேளு. இப்படிப் போலீஸை வச்சிக்கிட்டு இவங்க எப்படில போராட்டம் நடத்துனாங்க?"